எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கப் போகிறவர்களுக்கு, கரடு மேடெல்லாம் அலைந்த ஒருத்தி சொல்வது

ஜூன் மாதம் வந்தால் போதும், சொந்தக்காரப் பிள்ளைகள், ஜூனியர்கள், ஜூனியர்களின் தோழிகள் என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பி.எஸ்சி. ஜியாலஜி முடித்தாயிற்று அக்கா, மேலே அதையே படிக்கலாமா, வேலை கிடைக்குமா, பொண்ணுங்களுக்கு ஒத்துவருமா என்று. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் சேலம் மாவட்டத்துக்காரி. சொந்த மாவட்டத்துப் பாறைகளிலேயே பி.ஜி. ப்ராஜெக்ட் செய்தேன், அப்புறம் ஒரு டிரில்லிங் கேம்ப்பில் (பூமியைத் துளையிட்டுப் பாறை எடுக்கிற முகாம்) வேலை பார்த்தேன், இப்போது பிஎச்.டி.யில் இருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: அந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு பாறையை நேரில் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தீர்கள், அதுதான் பின்னால் வருகிற தேர்வு, வேலை, ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் முதலீடு. மதிப்பெண் பட்டியல் நேர்காணல் அறையின் வாசல் வரைக்கும்தான் கூட வரும்.

எங்கே சேர்வது என்பதை முதலில் பார்ப்போம். ஐஐடிகளில் சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும், அதில் ஜியாலஜிக்கு ஜிஜி தாள். மும்பை, காரக்பூர், ரூர்க்கி, தன்பாத் எல்லாம் அதன் வழியாகத்தான். தமிழ்நாட்டுக்குள் சென்னைப் பல்கலை, அண்ணா பல்கலை, மாநிலக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலை, அண்ணாமலைப் பல்கலை, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி என்று ஜியாலஜி துறைகள் இருக்கின்றன. ஐஐடியில் கிடைத்தால் போங்கள், கருவி வசதிக்காகவே போகலாம். கிடைக்காவிட்டால் வருத்தப்பட்டு ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், அங்கே படிக்கிற சீனியர் ஒருவரைப் பிடித்து நான்கு விஷயம் கேளுங்கள். ஓடுகிற நிலையில் எத்தனை போலரைசிங் மைக்ரோஸ்கோப் இருக்கிறது? தின் செக்‌ஷன் (ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெலிதாகத் தேய்த்த கல்) செய்கிற ஆள் துறையிலேயே இருக்கிறாரா, வெளியே அனுப்புகிறார்களா? வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டு, ஆசிரியர்கள் கூட வருகிறார்களா? போன வருடத்து ப்ராஜெக்ட் தலைப்புகள் என்ன? கடைசிக் கேள்விதான் முக்கியம். எல்லாத் தலைப்பும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிய நிலத்தடி நீர்த் தரம் பற்றியதாக இருந்தால் அங்கே ஃபீல்டு குறைவு என்று அர்த்தம். நிலத்தடி நீர் ஆய்வு மட்டமானது என்று சொல்லவில்லை, நம் மாநிலத்துக்கு அதைவிட அவசியமான வேலை குறைவு. ஆனால் பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபில் கொடுத்து, வந்த எண்களை எக்செலில் போட்டு முடித்துக்கொண்டால், பாறையைத் தொடாமலேயே பட்டம் வாங்கிவிடலாம். அப்படி வாங்கியவர்கள் பின்னால் படுகிற சிரமத்தை நான் கேம்ப்பில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை அடுக்கிய ஒரு கோர் பெட்டியைத் திறந்து வைத்தால் எங்கே பாறை மாறுகிறது என்று சொல்ல முடியாமல் நிற்பார்கள்.

தமிழ்நாட்டில் ஜியாலஜி படிப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது இங்கே இருக்கிறபோது பலருக்குத் தெரிவதில்லை. சேலத்திலிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். ஊருக்குப் பக்கத்தில் சாக் ஹில்ஸ், டியூனைட் பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக மேக்னசைட் ஓடுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம், எங்கள் ஊரில் வெள்ளைக்கல் என்போம். மேற்கே கஞ்சமலை, மேக்னடைட் குவார்ட்சைட் (இரும்புத் தாது உள்ள பாறை) பட்டைகள் மலையைச் சுற்றி மடிந்து கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குப் போனது சேலத்து இரும்புத் தாதுதான். தெற்கே நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, ஏறக்குறைய 250 கோடி ஆண்டு பழைய அனார்தோசைட் என்கிற வெளிர் நிறப் பாறை, நடுவே குரோமைட் (குரோமியத் தாது) பட்டைகள். நிலாவின் மேட்டுப் பகுதிகளும் அனார்தோசைட் என்பதால், சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தபோது அதற்குக் கல் இங்கிருந்துதான் போனது. கிழக்கே அரியலூர், கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல் அடித்தளம், காரையில் களிமண் ஓடைகளுக்குள் அம்மோனைட், பெலம்னைட் என்கிற பழங்காலக் கடல் உயிர்களின் ஃபாசில்கள் (புதைபடிவங்கள்) கிடைக்கும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, அதை 1940இல் ஆராய்ந்து சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு 1951இல் தலைவரான முதல் இந்தியர். சென்னைப் பிள்ளைகளுக்குப் பரங்கிமலையே போதும். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து ஜியாலஜிஸ்ட் ஹாலண்ட் பெயர் சூட்டிய சார்னோகைட் பாறை அங்கேதான் காலடியில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிற பாறைகள் இவை. நாம் நகர பஸ்ஸில் போகலாம்.

சரி, போனால் என்ன செய்வது? ஃபீல்டு நோட்டு பற்றித்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கெட்டி அட்டை போட்ட சின்ன நோட்டு, பென்சில். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எண், இடம், ஜிபிஎஸ் அளவு, பாறை, ஸ்ட்ரைக் (பாறைப் படுகை ஓடுகிற திசை), டிப் (அது சாய்ந்திருக்கிற கோணம்), ஒரு கைப்படம். போட்டோ எடுத்திருக்கிறோமே என்று படம் வரையாமல் விட வேண்டாம். வரைகிறபோதுதான் எந்தக் கோடு எந்தக் கோட்டை வெட்டுகிறது என்று கண் தேட ஆரம்பிக்கும், போட்டோ அந்த வேலையைச் செய்ய விடாது. அன்று இரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், பென்சில் எழுத்தின் மேல் மை ஓட்டிவிட்டு அன்றைய அளவுகளை வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் எங்கே போக வேண்டும் என்பது அந்த வரைபடத்தில் இருக்கிற ஓட்டையிலிருந்துதான் தெரியும். கல்லின் மேல் மார்க்கரால் எண், பையின் மேல் அதே எண், பைக்குள் ஒரு துண்டுச் சீட்டிலும் அதே எண். பை கிழியும், கல்லின் மேல் எழுதியது தேயும், ஏதாவது ஒன்று மிஞ்சும்.

கஞ்சமலை மாதிரி மேக்னடைட் உள்ள இடத்தில் பிரண்டன் காம்பஸ் முள் இழுபடும். பட்டையின் மேலேயே நின்று ஸ்ட்ரைக் எடுத்தால் பத்தடி தள்ளி எடுத்ததோடு ஒத்துப்போகாது. அங்கே தள்ளி நின்று, தூரத்தில் தெரிகிற கோயில் கோபுரமோ டவரோ ஒன்றை டோப்போ ஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடம்) அடையாளம் கண்டு அதை வைத்துத் திசையைச் சரிபார்க்க வேண்டும். அதேபோல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புக் கல்லில் விட்டதும் பொங்கும். மேக்னசைட்டில் குளிர்ந்த நிலையில் பெரிதாக ஒன்றும் நடக்காது, பொடித்தாலோ சூடாக்கினாலோதான் நுரைக்கும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்கல் குவாரியில் நின்று சொந்தக் கையால் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. அரியலூரில் வேறு ஒரு ஒழுக்கம் வேண்டும். எந்தப் படுகையிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஃபாசிலுக்கு அறிவியலில் மதிப்பே இல்லை, அலமாரியில் வைக்கத்தான் ஆகும். ப்ராஜெக்ட்டுக்குத் தேவையானதை மட்டும் படுகையைக் குறித்துக்கொண்டு எடுங்கள், மிச்சம் அங்கேயே கிடக்கட்டும், அடுத்து வருகிற பிள்ளைகளும் பார்க்க வேண்டும்.

குவாரிக்குள் போகிறபோது துறைத் தலைவரின் கடிதம் கையில் இருக்க வேண்டும், போனதும் வெடி வைக்கிற நேரத்தைக் கேட்க வேண்டும், செங்குத்தான முகத்துக்கு நேர் கீழே நிற்கக் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. சுத்தியால் தட்டும்போது கண்ணாடி போடுங்கள். குவார்ட்சைட் சில்லு கத்தி மாதிரி பறக்கும்.

ஊர் மக்களிடம் பேசுவதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தராது, ஃபீல்டில் பாதி வேலையே அதுதான். 2018இல் சென்னை – சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்ததிலிருந்து எங்கள் பக்கம் கையில் ஜிபிஎஸ்ஸும் வரைபடமுமாக யார் வந்தாலும் மக்களுக்கு வயிற்றில் புளி கரையும். அது நியாயமான பயம். ஒரு முறை காட்டு வரப்பில் நின்று டிப் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆயா வேகமாக வந்தார். "ஏங்கண்ணு, எதுக்கு அளக்கற? ரோடு போடவா?" என்றார். "இல்லீங்க ஆயா, காலேஜ்ல கல்லப் பத்திப் படிக்கிறோம், இந்தப் பாறை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு பாக்கறேன்" என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, காம்பஸை அவர் கையிலேயே கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கெணத்துக்குள்ள எறங்கிப் பாரு, அங்க இன்னும் நல்லாத் தெரியும்" என்றார். உண்மையிலேயே அந்தக் கிணற்றுச் சுவரில்தான் அந்தப் பகுதியின் நல்ல பாறை வெட்டு கிடைத்தது. திறந்த கிணறுகளை விடாதீர்கள், தரை மட்டத்தில் மண் மூடியிருக்கிற இடத்தில் பாறையைப் பார்க்க அதைவிட நல்ல ஜன்னல் கிடையாது. உரிமையாளரைக் கேட்காமல் எட்டிப் பார்க்கக்கூடச் செய்யாதீர்கள். படி உறுதியாக இல்லாவிட்டால் மேலே நின்றே பாருங்கள். முதல் நாள் காலையில் ஊராட்சித் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ பார்த்து இன்னார், இதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் மிச்ச நாட்கள் நிம்மதி.

ஜியாலஜி என்று சொன்னதும் எல்லா ஊரிலும் வருகிற அடுத்த கேள்வி, "எங்க காட்டுல தண்ணி இருக்குதான்னு பாத்துச் சொல்லும்மா." தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் சொன்ன இடத்தில் போர் போட்டு, புகை மட்டும் வந்து, கடனோடு நிற்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். தண்ணீர் இருப்பது மேலே இருக்கிற சிதைந்த பாறையிலும் கீழே இருக்கிற வெடிப்புகளிலும்தான். ஷ்லம்பர்ஜர் முறையில் (தரையில் கம்பிகள் ஊன்றி மின்சாரம் செலுத்தி) மின்தடை அளந்தால் ஈரமான சிதைந்த பாறை சில பத்து ஓம்-மீட்டர் காட்டும், உடையாத சார்னோகைட் ஆயிரக்கணக்கில் காட்டும். இந்த முறையைப் பி.ஜி.யில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், கேபிளை நீங்களே இழுத்து, வளைவை நீங்களே வரைந்து. எந்தக் கருவியும் நூற்றுக்கு நூறு சொல்லாது என்பதையும் விவசாயியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் போடுகிறது கடன் வாங்கிய பணம்.

மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். தின் செக்‌ஷனை ஒரு தடவையாவது நீங்களே செய்யுங்கள். கல்லை அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடியில் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். கிராஸ்டு நிகல்ஸில் (மைக்ரோஸ்கோப்பின் இரண்டு போலரைசர்களையும் குறுக்காக வைத்தால்) குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் கனமாக இருக்கிறது, சாம்பலுக்கு வந்தால் சரியான கனம். விரல் வலிக்க ஒன்று செய்தபின் ஸ்லைடைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். லேப் பரீட்சைக்கு முந்தைய வாரம் பெட்டி முழுக்க ஸ்லைடுகளை ஓட்டிப் பார்ப்பதைவிட, ஒரு சார்னோகைட் ஸ்லைடை எடுத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்காருவது மேல். ஸ்டேஜைச் (ஸ்லைடு வைக்கிற தட்டு) சுழற்றும்போது ஹைப்பர்ஸ்தீன் கனிமம் வெளிர் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவது, பிளாஜியோகிளேஸ் கனிமத்தின் இரட்டைக் கோடுகள், எந்தக் கனிமம் எதைத் தின்றிருக்கிறது, எது எதற்கு முன்னால் வந்தது, எல்லாவற்றையும் வரைந்து பாருங்கள். எனக்குப் பாறை உருமாற்றம் புரிந்தது வகுப்பில் இல்லை, அப்படி ஒரு பகலில்தான்.

கணினி வேலைக்கும் செலவு செய்ய வேண்டியதில்லை. கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இலவசம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவு ஜியாலஜி வரைபடங்கள் கிடைக்கின்றன. சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபீல்டுக்குப் போவதற்கு முன்பே லீனியமென்ட்களை (படத்தில் நேர்கோடாகத் தெரிகிற, பாறை வெடிப்பாக இருக்கக்கூடிய கோடுகள்) வரைந்து வைத்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் பார்த்தால் அதில் சில பழைய வண்டிப் பாதையாகவும் வேலியாகவும் இருக்கும். நேரில் சரிபார்க்காத லீனியமென்ட் வரைபடத்தை ப்ராஜெக்ட்டில் வைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் தனியாகக் கேட்கிறார்கள் என்பதால் தனியாகச் சொல்கிறேன். முடியும். ஆனால் ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள், கிளம்புகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கழிப்பறை பெரிய பிரச்சினை, அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொண்டவர்கள் பலர். காலையிலேயே அரசுப் பள்ளியோ, பெட்ரோல் பங்க்கோ, தெரிந்த வீடோ எது வழியில் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். நான் வேலை பார்த்த டிரில்லிங் கேம்ப்பில் பெண்களுக்கென்று கழிப்பறையே இல்லை. எழுத்தில் கேட்டு, திரும்பவும் கேட்டு, பிறகுதான் கட்டினார்கள். அதனால் வேலைக்குச் சேரும் முன்பே தங்குமிடம், கழிப்பறை, இரவுப் பயணம் மூன்றையும் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலைக்கே விடவில்லை, 2019இல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளுக்குப் பகல் நேரத்தில் அனுமதி வந்தது. கதவு திறந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. உள்ளே போகிறவர்கள் கூடினால்தான் வசதிகளும் கூடும், அதனால் எனக்கு நீங்கள் வருவதில் தனிப்பட்ட அக்கறையே உண்டு.

வேலைக்கான தேர்வுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரமெல்லாம் அறிவிப்புகளிலேயே இருக்கிறது. யுபிஎஸ்சி நடத்துகிற ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுதான் பெரிய கதவு. முதல்நிலை 400 மதிப்பெண், முதன்மைத் தேர்வு 600, நேர்காணல் 200. அதன் வழியாகப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம், இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். முதன்மைத் தேர்வு விரித்து எழுதுகிற தேர்வு, அங்கே படம் வரைந்து விளக்குகிற கை வேண்டும், ஃபீல்டு நோட்டில் வரைந்து பழகிய கை அங்கேதான் உதவுகிறது. கேட் (GATE) தேர்வின் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், சில பொதுத்துறை நிறுவனங்கள் அதை வைத்து ஆள் எடுக்கும், எடுக்காத வருடமும் உண்டு. மாநில அளவில் டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி ஜியாலஜிஸ்ட் பணி வருகிறது. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு ஆராய்ச்சிக்கு. இவற்றின் பாடத்திட்டங்களில் பெரும்பகுதி ஒன்றுதான், அதனால் தேர்வுக்குத் தேர்வு புதிதாகப் படிக்காமல் ஒரே நோட்டில் சேர்த்துக்கொண்டே போங்கள். தேர்வை மட்டும் நம்பி வருடக்கணக்கில் வீட்டில் உட்காருவதை நான் சொல்ல மாட்டேன். கோர் லாகிங் (துளையிட்டு எடுத்த பாறையைப் பார்த்துப் பதிவது), மட் லாகிங் (எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் சேற்றையும் பாறைத் துகளையும் பார்த்துப் பதிவது), குவாரி, நிலத்தடி நீர் ஆய்வு என்று எதிலாவது கை வைத்துக்கொண்டே படியுங்கள். கோர் பெட்டி முன்னால் உட்கார்ந்து, உடையாமல் வந்த 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளைக் கூட்டி ஆர்க்யூடி (பாறை எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்று காட்டும் விகிதம்) கணக்கிட்டு, பாறை மாறுகிற ஆழத்தைக் குறித்து என்று கேம்ப்பில் நான் கற்றதெல்லாம் பிறகு நேர்காணல்களில் அப்படியே கேள்வியாக வந்தது.

பிஎச்.டி. என்றால் முதலில் உதவித்தொகை. ஜேஆர்எஃப் 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் சேர்வதைக் குடும்ப நிலைமை தாங்குமா என்று நன்றாக யோசியுங்கள், ஏனென்றால் ஃபீல்டுக்குப் பஸ் காசு, வண்டி வாடகை, தங்குமிடம் எல்லாம் மாதாமாதம் நிற்கும். அதைவிடப் பெரிய செலவு ஆய்வகப் பகுப்பாய்வு. எக்ஸ்ஆர்எஃப், ஐசிபி-எம்எஸ், மைக்ரோபுரோப், சிர்கான் வயதுக் கணிப்பு எல்லாம் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம். கருவி உங்கள் துறையில் இல்லாவிட்டால் ஐதராபாத், திருவனந்தபுரம், டேராடூன் ஆய்வகங்களுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சேர்வதற்கு முன்பே கைடிடம் நேராகக் கேளுங்கள்: இந்தச் செலவு எந்த ப்ராஜெக்ட் பணத்திலிருந்து வரும், அந்த ப்ராஜெக்ட் எந்த வருடம் முடிகிறது, முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? அவருடைய பழைய மாணவர்களில் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள், அதில் ஒருவர் பாதியில் விட்டுப் போனவராக இருந்தால் நல்லது. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்த அதே பகுதியைத் தொடர முடிந்தால் தொடருங்கள். பழைய நோட்டும் ஸ்லைடும் கையில் இருப்பதால் முதல் வருடத்தில் பாதி மிச்சமாகும், மழை முடிந்து டிசம்பரில் புல் காய்ந்ததும் எந்தக் கரட்டில் முதலில் ஏற வேண்டும் என்பதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.